13ஆம் எபிசோடைத் தாண்டிப் போங்கள்

கேள்வி: எனக்கு 33 வயது. கணவரும் ஒரு மகளும் இருக்கிறார்கள். அண்ணனும் நானும் சேர்ந்து அவன் லேப்டாப்பில் 'கோப்ளின்' என்ற கொரியத் தொடரை முழுசாகப் பார்த்தோம். கோப்ளினான கிம் ஷினும் எமதூதனும் கையில் வெங்காயத்தாள் பையோடு இருட்டில் ஸ்டைலாக நடந்து வரும் காட்சியை அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிப்பான். மூன்று வருடத்துக்கு முன் பைக் விபத்தில் அவன் இறந்துவிட்டான். அதற்குப் பிறகு எல்லோரும் தூங்கினதும் 13ஆம் எபிசோடை மட்டும் போட்டுப் பார்க்கிறேன், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது. கிம் ஷின் சாம்பலாகிப் போகும் இடம் வந்ததும் அணைத்துவிடுவேன். 'முடிவு தெரிஞ்ச கதையை எத்தனை தடவை பார்ப்பே, அதுவும் ஒரு காதல் கதையை' என்கிறார் கணவர். அம்மா வீட்டில் அண்ணன் பேச்சை யாரும் எடுப்பதில்லை, போட்டோவைக்கூட உள்ளே வைத்துவிட்டார்கள். இப்போது அவன் குரல்கூட எனக்குச் சரியாக நினைவு வர மறுக்கிறது. எனக்கு ஏதாவது பிரச்சினையா? நான் இதை நிறுத்த வேண்டுமா?

- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்புள்ள தோழிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த 13ஆம் எபிசோடையும் அதைத் தொடர்ந்து வருவதையும் நானும் மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்க்கும்போது எல்லோர் கண்ணும் வாள் மேலேயே இருக்கும். 900 வருடத்துக்கு மேலாகக் கிம் ஷினின் நெஞ்சில் குத்தியிருந்த வாள், கோப்ளினின் மணமகளாக வருகிறவள் மட்டுமே உருவக்கூடிய வாள். அதை அந்த மணமகள் உன்-தக்கின் கையைப் பிடித்து கிம் ஷினே உருவி, தன் குடும்பத்தையே அழித்த பார்க் ஜுங்-ஹொனின் ஆவியை வெட்டுகிறான், அப்புறம் அவள் அணைப்பிலேயே சாம்பலாகிப் போகிறான். கதை அங்கேதான் உச்சத்துக்குப் போகிறது. ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டுப் பார்த்தபோது என் கண் போன இடம் வேறு, நீங்கள் அணைத்துவிடுவதற்கு அடுத்து வருவது. அவன் போனதும் எல்லோர் மனத்திலிருந்தும் அவன் அழிந்துகொண்டே வருகிறான். உன்-தக்குக்கு அது தெரிகிறது. நோட்டை எடுத்து அவசர அவசரமாக எழுதுகிறாள். அவன் பெயர், அவன் உயரம், அவன் சிரிப்பு, மழையாக வருவேன், முதல் பனியாக வருவேன் என்று அவன் கொடுத்த வாக்கு, எல்லாம் மறப்பதற்குள் தாளில் ஏறிவிட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே, யாரைப் பற்றி எழுதுகிறோம் என்பது அவளுக்கு நழுவிப் போகிறது.

கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா வீட்டில் அண்ணன் பேச்சை யாரும் எடுப்பதில்லை, போட்டோவையும் உள்ளே வைத்துவிட்டார்கள் என்று. அடுத்த வரியிலேயே, அவன் குரல் நினைவு வர மறுக்கிறது என்று. தோழி, இந்த இரண்டு வரியும்தான் உங்கள் கடிதம், மற்றதெல்லாம் அதைச் சுற்றி எழுதியது. நீங்கள் ராத்திரியில் தேடிப் போவது காதல் கதையை அல்ல. ஊரே மறந்துவிட்ட ஒருவனை மறந்துவிடக் கூடாது என்று ஒரு பெண் தனியாகப் போராடுகிற கதையை. அந்த வீட்டில் அந்தப் பெண் நீங்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் 'எனக்கு ஏதாவது பிரச்சினையா' என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். போனவரை மனத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு நடக்க வேண்டும், அப்போதுதான் துக்கம் ஆறியது என்று அர்த்தம் என்று ஒரு காலத்தில் மனநல நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996இல் அமெரிக்காவில் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை மாற்றிச் சொன்னார்கள்: இறந்தவரோடு உறவு முடிந்துபோவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோயும் அல்ல. நம் ஊரில் வருடா வருடம் திதி கொடுக்கிறவர்களுக்கு இதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் சின்ன வயதில் போனவர்கள் விஷயத்தில் நாம் வாயடைத்துப் போய்விடுகிறோம். பேசினால் அம்மா உடைந்துவிடுவார் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தான் பேசினால் மற்றவர்கள் உடைந்துவிடுவார்கள் என்று அம்மாவும் பயந்துகொண்டிருக்கலாம்.

சரி, இப்போது நிறுத்தும் இடத்துக்கு வருகிறேன்.

கொரியாவில் இந்தத் தொடர் டிவிஎன் சேனலில் 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை வெள்ளி, சனி இரவுகளில் வந்தது, மொத்தம் 16 எபிசோட். 13ஆம் எபிசோட் ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை 14ஆம் எபிசோட் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு சிறப்பு நிகழ்ச்சியைப் போட்டார்கள். 14 வந்தது ஜனவரி 20 அன்று. ஆக, சாம்பல் பறந்த அந்த இடத்திலேயே அங்கே எல்லோரும் ஒரு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிட்டது. நீங்கள் மூன்று வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு அடுத்த வாரம் 14 வந்தது, உங்களுக்கு அது வரவில்லை, ஏனென்றால் நீங்களே அணைத்துவிடுகிறீர்கள்.

14இல் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஞாபகப்படுத்துகிறேன். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. உன்-தக் வேலைக்குப் போய்விட்டாள், வானொலியில் தயாரிப்பாளர். கிம் ஷின் என்று ஒருவன் இருந்தான் என்பதே அவளுக்கு நினைவில்லை. ஆனால் மழையும் பனியும் வந்தால் அவளுக்குக் காரணம் தெரியாமல் துக்கம் வருகிறது, அந்த நோட்டு கையில் இருக்கிறது, எழுத்து தன்னுடையது என்பதைத் தவிர எதுவும் புரியவில்லை, ஆனாலும் தூக்கிப் போடவில்லை. முதல் பனி விழுகிற நாளில் ஒரு மெழுகுவத்தியை ஊதுகிறாள், அவன் வந்து நிற்கிறான். எதனால் வர முடிந்தது? முன்பு எப்போதோ இரண்டு பேரும் விளையாட்டுப் போல எழுதிக் கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் முதல் பனி நாளில் அவள் கூப்பிட்டால் அவன் வர வேண்டும் என்று. மனத்தில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது, தாளில் இருந்தது அழியவில்லை. எழுத்தாளர் கிம் உன்-சூக் இந்தக் கதையை இதன் மேலேதான் கட்டியிருக்கிறார் என்பது எனக்கு இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் தெரிந்தது. அந்த வருடம் கொரியாவின் பெக்சாங் விருதுகளில் தொலைக்காட்சிக்கான பெரிய பரிசு நடிகர் யாருக்கும் போகாமல் அவருக்குப் போனது சரி என்றுதான் சொல்வேன்.

இதே விஷயம் எமதூதன் பக்கமும் இருக்கிறது. அவன் காதலிக்கும் சன்னியின் முற்பிறவியான அந்த அரசியின் ஓவியத்தைப் பார்த்ததும் அவன் அழுகிறானே, அது நினைவிருக்கிறதா? அதைத் தீட்டிய அரசன் வாங் யோ முற்பிறவியில் தான்தான் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. தெரியாமலேயே கண்ணீர் வருகிறது. அப்புறம் அந்தச் சன்னி. அவள் முற்பிறவியில் கிம் ஷினின் தங்கை. ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் அண்ணன் மறந்துபோன அந்த ஒன்பது வருடமும் அவளுக்கு நினைவிருந்தது என்று பின்னால் வருகிற எபிசோடில்தான் தெரிகிறது. தங்கைக்கு அண்ணனை நினைவிருந்தது. உங்கள் நிலையில் இருக்கிற ஒருவருக்கு இந்தத் தொடரில் மிகவும் நெருக்கமான விஷயம் இதுதான், ஆனால் 13இலேயே நிறுத்துகிற வரை நீங்கள் அதைச் சந்திக்கவே போவதில்லை.

நீங்கள் 14ஐத் தொடாததற்கு வேறு ஒரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, தவறென்றால் மன்னியுங்கள். 14 போட்டால் 15 வரும், 15 போட்டால் 16 வரும். 16இல் குழந்தைகள் இருக்கிற வண்டியைக் காப்பாற்ற உன்-தக் தன் காரைக் குறுக்கே நிறுத்துகிறாள், லாரி வந்து மோதுகிறது. அண்ணனைச் சாலையில் பறிகொடுத்த உங்களுக்கு அந்தக் காட்சியின் பக்கம் போகவே பிடிக்காமல் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். 14ஐப் பாருங்கள், கனடாவில் கியூபெக்கில் அவளுக்கு நினைவு திரும்பும் வரை போங்கள், அங்கே நிறுத்துங்கள். 16 என்றைக்காவது பார்க்கலாம், பக்கத்தில் யாராவது இருக்கும்போது, பகலில். பார்க்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று. அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்த காட்சியை உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்ததாக எழுதவில்லை. நீங்கள் அழுகிற எபிசோடுக்குத்தான் போகிறீர்கள், அவர் சிரித்த எபிசோடுக்குப் போவதில்லை. போய்ப் பாருங்கள். கிம் ஷினாக நடித்த கோங் யூவும் எமதூதனாக நடித்த லீ டோங்-வூக்கும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும்போது, 'ஏய் இதைப் பாரேன்' என்று உங்கள் அண்ணன் எந்த இடத்தில் சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும். குரலை மட்டும் தனியாக நினைத்துக் கொண்டுவரப் பார்த்தால் கிடைக்காது, அது வந்த இடத்துக்குப் போனால் கிடைக்கலாம். முதல் தடவை கிடைக்காமலும் போகலாம், அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

குரலைப் பற்றி வீட்டுக் காரியமாகவும் ஒன்று இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய நண்பர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, பழைய வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். போன் மாற்றும்போது அதெல்லாம் போய்விடும், மூன்று வருடம் ஏற்கெனவே ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண வீடியோக்களில் பின்னால் யாரோ பேசுகிற சத்தத்தில் அவர் இருப்பார். கிடைப்பதை எல்லாம் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

அப்புறம் நோட்டு. உன்-தக் எழுதினதைப் போல நீங்களும் எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. நல்ல தமிழில் கோர்வையாக எழுத வேண்டியதில்லை. அவர் செருப்பைக் கழற்றும் விதம், எந்த ஓட்டலில் என்ன சாப்பிடுவார், உங்களை எப்படிக் கூப்பிடுவார், கோபம் வந்தால் என்ன சொல்வார். உங்கள் மகள் மாமாவைச் சரியாகப் பார்த்திருக்கக்கூட மாட்டாள், அவளுக்கு இது வேண்டும். ராத்திரி எபிசோடுக்குப் போகிற நேரத்தில் முதலில் அரைப் பக்கம் எழுதிவிட்டு, அதற்குப் பிறகும் பார்க்கத் தோன்றினால் பாருங்கள்.

கணவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கொரிய நடிகர் சாம்பலாவதைப் பார்த்து மனைவி அழுகிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிகிறது. அது அண்ணனோடு சேர்ந்து பார்த்த தொடர் என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. ஒருநாள் அந்த வெங்காயத்தாள் காட்சியை அவருக்கும் போட்டுக் காட்டி, 'இதுக்கு அண்ணன் எப்படிச் சிரிப்பான் தெரியுமா' என்று ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகு அவர் 'முடிவு தெரிஞ்ச கதை' என்று சொல்வாரா என்பது சந்தேகம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, மகளைக் கவனிக்க முடியவில்லை, நானும் போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், அதை நோட்டிலும் தொடரிலும் சரிசெய்ய முடியாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மா. போட்டோவை வெளியே எடுத்து மாட்டுங்கள் என்று போய்ச் சண்டை போடாதீர்கள். நோட்டில் எழுத ஒன்று தெரியவில்லை என்பது போல, சின்னதாக ஏதாவது கேளுங்கள். சின்ன வயதில் எந்தக் குழம்பு வைத்தால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்பான், முதல் நாள் பள்ளிக்கூடம் போகும்போது அழுதானா, இப்படி. விபத்தைப் பற்றியோ அந்த நாளைப் பற்றியோ வேண்டாம். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அடுத்த முறை போகும்போது வேறொன்று கேளுங்கள்.