பாலக்காட்டு பால்கனியில் சதைப்பற்றுச் செடிகள் மழைக்காலத்தில் அழுகுவது ஏன்?

இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைக்கும் செடிகளே சதைப்பற்றுச் செடிகள். சோற்றுக்கற்றாழை, ஜேட், எச்செவேரியா எல்லாம் இந்த வகைதான். வறண்ட இடங்களில் வளர்ந்து பழகியதால் இவற்றில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிவிட்டு, இரவில் திறந்து மூச்சு விடும். தண்ணீர் செலவு மிகக் குறைவு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டில் காற்றே ஈரமாக இருக்கும், வெயிலும் குறைவு. அந்த நேரத்தில் தினமும் ஊற்றுவது, மாடித்தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டாரை ஓடவிடுவது போல. மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போகும், வேர் மூச்சுமுட்டும், பூஞ்சை புகும். அப்புறம் தண்டு கொழகொழவென்று ஆகிவிடும்.

நர்சரியில் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில்தான் நட்டுத் தருகிறார்கள். அது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். வாங்கியதும் மாற்றிவிடுவது நல்லது: பாதி மண், பாதி பருமணலும் உடைத்த செங்கல் துண்டும், அடியில் துளையுள்ள மண்தொட்டி. சாரல் படாத பக்கம் வையுங்கள். ஈர்க்குச்சியை அடிவரை குத்திப் பாருங்கள், ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். மார்கழி, தையில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது கொஞ்சம் அடிக்கடி ஊற்றலாம்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் போதும், தண்ணீர் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தண்ணீர் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணிலேயே தங்கி, ஈரம் வேருக்கு இன்னும் நெருக்கமாகிறது.