இலங்கையில் சிறுத்தையைக் காட்டில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

யால தேசியப் பூங்காவின் முதலாம் வட்டாரம்தான் முதல் தேர்வு. இலங்கைக் காடுகளில் சிங்கமோ புலியோ இல்லை. சிறுத்தைக்கு மேலே வேறு வேட்டை விலங்கு கிடையாது. அதனால் பகலிலும் பாறைமேல் வந்து படுத்திருக்கும்.

பிப்ரவரி முதல் ஜூலை வரை போங்கள். வறட்சியில் குளங்கள் சுருங்க, மான்கள் மிச்சமிருக்கும் தண்ணீருக்கு வரும். சிறுத்தையும் பின்னாலேயே வரும். மே கடைசியிலிருந்து கரடிக்குப் பிடித்த பாலைப்பழம் பழுத்தால், கரடியும் கண்ணில் படலாம். செப்டம்பரை ஒட்டிச் சில வாரங்கள் பூங்காவை மூடுவது வழக்கம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பூங்காவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமவில் ஜீப் எடுத்து, காலை 6 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். வெயில் ஏறினால் சிறுத்தை பெரும்பாலும் புதருக்குள் போய்விடும். பலட்டுப்பான வாசலில் கூட்டம் அதிகம். கட்டகமுவ வாசல் கொஞ்சம் அமைதி.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: 'அங்கே சிறுத்தை' என்று ஃபோன் வந்ததும் ஓட்டுநர் பறக்கிறார். போய்ச் சேர்ந்தால் ஜீப் வரிசையும் புழுதியும்தான். புறப்படும்போதே அவரிடம் பேசிவிடுங்கள்: குளக்கரையில் எஞ்சினை அணைத்துக் காத்திருப்போம். புள்ளிமான் காலைத் தரையில் உதைத்து, ஒரே திசையை வெறித்தபடி கீச்சென்று திரும்பத் திரும்பக் கத்தினால், மரத்து மந்தியும் சேர்ந்துகொண்டால், அந்தத் திசையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். வண்டியிலிருந்து இறங்கவே கூடாது.

நெரிசல் பிடிக்காதவர்களுக்கு வடமேற்கிலுள்ள வில்பத்து தேசியப் பூங்கா. காடு அடர்த்தி, காட்சி குறைவு. இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.