'ஆதாரம்: கூகுள்' என்று எழுதி வரும் மாணவர்களுக்கு என்ன சொல்வது?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பிற்காலச் சோழர் பாடம் முடிந்ததும் தஞ்சைப் பெரிய கோயில் பற்றி ஒப்படைப்பு எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் வரிக்கு வரி ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். கோபுர நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பவை எல்லோரிடமும் இருக்கின்றன. கடைசியில் 'ஆதாரம்: கூகுள்' அல்லது 'விக்கிப்பீடியா'. இனி விக்கிப்பீடியா கூடாது என்று சொல்லிவிடலாமா? நம்பகமான தளங்களின் பட்டியல் ஒன்று தருவீர்களா? எங்கள் ஹைடெக் லேபில் பாதி நாள் இணையம் வராது என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: தடை வேண்டாம். பட்டியலும் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. நல்ல தளத்திலும் தவறான வரி இருக்கும், மோசமான தளத்திலும் சரியான தேதி இருக்கும். 'இந்தத் தளத்தை நம்பலாமா?' என்று கேட்கப் பழகிய மாணவர், நம்பலாம் என்று முடிவான பிறகு அதில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே இறக்கி வைப்பார். கேட்க வேண்டியது வேறு: 'இந்த ஒரு வரியை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்?' 'ஆதாரம்: கூகுள்' என்பது, யார் சொன்னது என்று கேட்டால் 'போனில் சொன்னாங்க' என்று பதில் சொல்வதைப் போல. போன் எதையும் சொல்லவில்லை, அந்தப் பக்கம் ஒருவர் பேசினார். அவர் யார்?

இதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பற்றி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. வரலாற்று அறிஞர்கள் 10 பேர், ஊடகங்களில் செய்தியைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளுடைய இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று பழைய, மிகப் பெரிய அமைப்பு. மற்றது கருத்து வேறுபாட்டால் அதிலிருந்து பிரிந்து போன ஒரு சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கமே அதிக நம்பகமானது என்றார்கள். வரலாற்று அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் ஒருவர்கூட ஏமாறவில்லை. மற்றவர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து வடிவமைப்பையும், முகவரி எதில் முடிகிறது என்பதையும், கீழே மேற்கோள் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர். 'முகவரி இப்படி முடிந்தால் நம்பலாம்', 'விளம்பரம் இருந்தால் நம்பக்கூடாது' என்று பயிற்சி வகுப்புகளில் கொடுக்கும் நீண்ட சரிபார்ப்புத் தாள்களில் எனக்கு நம்பிக்கை போனது இதனால்தான். அவை மாணவரை அதே பக்கத்தில் உட்கார வைக்கின்றன.

உங்கள் மாணவர்கள் எழுதியதையே பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிழல். இதற்கு இணையமே தேவையில்லை, சூரியன் போதும். விமானம், அதாவது கருவறைக்கு மேலே எழும் அந்தக் கோபுரம், அகன்ற அடியிலிருந்து மேலே குறுகிக்கொண்டே போவது. ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள சதுர அடித்தளம், உயரம் 60 மீட்டருக்கு மேல். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. எனவே சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்போது கூம்பு வடிவ எந்தக் கட்டடத்தின் நிழலும் அதன் உடம்புக்குள்ளேயே அடங்கிவிடும். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 56 பாகை உயரத்தில்தான் நிற்கும், நிழல் வடக்குப் பக்கத் தரையில் விழுந்தே ஆக வேண்டும். காலையிலும் மாலையிலும் எந்த மாதத்திலும் நீளமாக விழும், புகைப்படங்களில் பார்க்கலாம். கோணம் வரைந்து காட்ட இயற்பியல் ஆசிரியரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். ஒரு வாட்ஸ்அப் வரி எந்த நேரத்தில், எந்த மாதத்தில் என்ற இரண்டு சொற்களை விழுங்கிவிட்டு எப்படி அதிசயமாகிறது என்பதை அவர்களே பார்ப்பார்கள்.

அடுத்து 80 டன். இது கொஞ்சம் சிக்கலானது, அதனால்தான் நல்ல பாடம். பல சுற்றுலா வழிகாட்டிகளிலும் செய்திக் கட்டுரைகளிலும் இருக்கிறது. நூறு பக்கத்தில் இருக்கிறதே என்பார்கள். நூறு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார்களா, ஒருவர் சொன்னதை நூறு பேர் திருப்பிச் சொன்னார்களா என்று கேளுங்கள். அந்தக் கல்லைத் தராசில் வைத்தவர் யார்? எடை கணித்திருந்தால் எந்த அளவைக் கொண்டு? இந்தக் கேள்வியோடு தேடினால் பெரும்பாலான பக்கங்களில் பதில் வராது. சிகரம் ஒரே கல் அல்ல, பல கற்களை இணைத்துச் செய்தது என்று கோயிலை நேரில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பதும் அப்போது கண்ணில் படும். ஒப்படைப்பில் 'ஒரே கல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள்' என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

இனி கட்டியது யார், எப்போது என்பது. '1010, ராஜராஜ சோழன்' என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள், சரிதான். ஆனால் எப்படித் தெரியும்? 19ஆம் நூற்றாண்டில் இது அவ்வளவு வெளிப்படையாக இல்லை. தலபுராணம் கரிகாலன் கட்டினான் என்றது. ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் சுவரில் இருந்ததைப் படித்துத் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பிறகுதான் விவரம் முழுமையாக அச்சுக்கு வந்தது. அந்தத் தொகுதி ஆர்கைவ் (archive.org) என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. அரசனே பேசுவதுபோல் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரம்' என்று இருக்கிறது. கட்டியவர் யார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எது? விமானத்தின் உச்சியில் வைக்க, தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் செப்புக்குடம் கொடுத்ததாக இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. கரும்பலகையில் கணக்குப் போடுங்கள்: ஆட்சி தொடங்கியது 985இன் நடுவில், ஆகவே 25ஆம் ஆண்டு தொடங்குவது 1009இன் நடுவில், அதோடு 275 நாள். 1010 என்ற எண் மாணவர்களின் கையிலேயே வந்து விழும். இந்த ஒரு பீரியடுக்குப் பிறகு விக்கிப்பீடியா கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. அது எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, விக்கிப்பீடியா. தன்னைச் சான்றாகக் காட்டக்கூடாது என்று அதன் விதிகளே சொல்கின்றன. எழுதப்படுவதற்கெல்லாம் வெளியே ஆதாரம் வேண்டும் என்பதும் அதன் விதி. எனவே கட்டுரையைக் கீழிருந்து படிக்கக் கற்றுக்கொடுங்கள். மேற்கோள் பட்டியலில் இருப்பது நூலா, நாளிதழா, யாரோ ஒருவரின் வலைப்பதிவா? இணைப்பு திறக்கிறதா? திறந்தால், அந்த வரி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பெரியவர்களும் கேட்பதில்லை. அடுத்து 'வரலாறு', 'உரையாடல்' பகுதிகள். ஒரு வாக்கியம் என்றைக்குச் சேர்ந்தது, அதற்கு எதிர்ப்பு வந்ததா என்பது அங்கே இருக்கும். ஆங்கிலக் கட்டுரையையும் தமிழ்க் கட்டுரையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். இரண்டையும் எழுதுவது வேறு வேறு தன்னார்வலர்கள், தகவலும் வேறுபடும். வேறுபடும் இடம்தான் தோண்ட வேண்டிய இடம்.

2005இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், விக்கிப்பீடியாவில் சராசரியாக ஒரு கட்டுரைக்கு நான்கு பிழைகள், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்று என்று வந்தது. ஆய்வு முறையே தவறு என்று பிரிட்டானிக்கா மறுத்தது. இதை வைத்து 'விக்கியும் பிரிட்டானிக்காவும் ஒன்றுதான்' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு பலர் கண்பட்ட ஆங்கில அறிவியல் கட்டுரைகளைப் பற்றியது. ஓரிருவர் மட்டும் தொட்ட ஒரு சிற்றூர்க் கோயில் கட்டுரைக்கு அது செல்லாது.

ஒரு பொறியைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக, கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்று தானே புனைந்த ஒரு பெயரும் உண்டு என ஆங்கில விக்கிப்பீடியாவில் சேர்த்தார். பிரிட்டிஷ் நாளிதழ்கள் அதை எடுத்து எழுதின. பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியா வரிக்கு மேற்கோளாக வந்து உட்கார்ந்தது. 2014இல்தான் கதை வெளியே வந்தது. ஆகவே மேற்கோள் இருந்தால் மட்டும் போதாது. மேற்கோளின் தேதி, அந்த வரி விக்கியில் சேர்ந்த தேதிக்கு முந்தியதா பிந்தியதா என்றும் பார்க்க வேண்டும். பிந்தியது என்றால் சந்தேகப்படுங்கள்.

பட்டியல் வேண்டும் என்று கேட்டீர்கள், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. ஒவ்வொன்றையும் அதன் வயதோடு சேர்த்துச் சொல்கிறேன். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வந்த பத்துத் தொகுதிகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது. இலக்கணம், தாவரம், கோயில் போன்றவற்றுக்கு இன்றும் நன்று. கீழடி அதில் இருக்காது, மக்கள்தொகை எண்களைத் தொடவே கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் தேடும் வசதியோடு கிடைக்கிறது. கல்வெட்டுச் சொற்களுக்கு மிகவும் பயன்படும். இலக்கிய மூலத்துக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பு. இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற இணையதளம். எண்கள் என்றால் கணக்கெடுப்பு எடுத்தவரிடமே போக வேண்டும். ஊரின் மக்கள்தொகை என்று ஒரு தளம் தரும் எண், 2011 கணக்கெடுப்பில் வந்ததா, அதை வைத்து யாரோ போட்ட மதிப்பீடா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரே மாதிரி வரிகளில் சில அங்கிருந்தும் வந்திருக்கலாம். அதனிடம் ஆதாரம் கேட்டால் நூல் பெயர், ஆசிரியர், பக்க எண் வரை கொடுக்கும். அப்படி ஒரு நூலே இல்லாமலும் இருக்கும். தலைப்பை நூலகப் பட்டியலில் தேடி, கிடைத்தால் மட்டும் பயன்படுத்தலாம் என்பதை விதியாக்குங்கள்.

அடுத்த ஒப்படைப்பைச் சுருக்குங்கள். 'பெரிய கோயில் பற்றி எழுதுக' என்றால் அள்ளி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவருக்கு ஒரே ஒரு கூற்று கொடுங்கள். அதை முதலில் எங்கே படித்தார், அங்கிருந்து பின்னோக்கிப் போய் எந்த மூலம் வரை சேர்ந்தார், அங்கே என்ன எழுதியிருந்தது, இவ்வளவுதான், ஒரு பக்கம். பார்த்த தேதியையும் எழுத வேண்டும், ஏனெனில் இணையப் பக்கம் மாறும். விக்கிப்பீடியாவில் அன்றைய வடிவத்துக்கான நிலையான இணைப்பு உண்டு, அதைக் குறித்துக்கொள்ளலாம். மூலம் வரை போக முடியாமல் பாதியில் நின்றவர், எங்கே நின்றார் என்று எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள்.

இணையம் வராத நாட்களுக்குக் கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. வீட்டிலோ ஆசிரியர் அறையிலோ ஒருமுறை தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் லேப் கணினிகளில் போட்டுவிடலாம். ஆனால் திருத்த வரலாறும் உரையாடலும் அதில் வராது, வெளி இணைப்புகளும் திறக்காது. அதனால் தேவைப்படும் இரண்டு மூன்று கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கங்களையும், கல்வெட்டுத் தொகுதியில் மேலே சொன்ன இரண்டு கல்வெட்டுகள் உள்ள பக்கங்களையும் முன்கூட்டியே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு ஒரு பிரதி போதும்.