கேளுங்கள், சொல்கிறேன்: ஜப்பான் சிறப்புப் பகுதி

ஜப்பானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வந்ததாகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன.

ஜப்பானில் தெருவில் ஒரு காகிதம்கூடக் கிடக்காதாமே? அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியதா?

காகிதம் கிடக்கவில்லை என்பது உண்மை. ரத்தத்தில் ஊறியது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. டோக்கியோ கடலோரத்தில் யுமேனோஷிமா என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று பூங்கா. 1960களில் நகரத்துக் குப்பையைப் பெருமளவில் அங்கேதான் கொட்டினார்கள். 1965இல் அங்கிருந்து கிளம்பிய ஈக்கூட்டத்தால் பக்கத்துக் குடியிருப்புகளில் சோறு தின்ன முடியாமல் போனது. 1971இல் டோக்கியோ ஆளுநர் மினோபே 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். யுமேனோஷிமா இருப்பது டோக்கியோவின் கோத்தோ வட்டாரத்தில். பிற பகுதிகளின் குப்பையைச் சுமந்து சலித்த அந்த வட்டாரத்தினர், தங்கள் பகுதியில் குப்பை எரிக்கும் ஆலை கட்ட மறுத்த சுகினாமி வட்டாரத்திலிருந்து வந்த குப்பை லாரிகளை மறித்தார்கள். எல்லாம் என் வாழ்நாளுக்குள் நடந்தவை. ஆக, சண்டை போட்டு, விதி போட்டு, எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று அட்டவணை ஒட்டி வந்த சுத்தம் இது. மகளின் சமையலறைச் சுவரிலும் அந்த அட்டவணை இருக்கிறது. மாப்பிள்ளை வேறு எதற்குப் பயப்படுகிறாரோ இல்லையோ, அதற்குப் பயப்படுகிறார்.

இன்னொன்று: தெருவில் குப்பைத்தொட்டியையே காணோம். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பாதுகாப்புக்காகப் பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். அதனால் வாழைப்பழம் தின்றால் தோல் நம் கைப்பையில்தான் ஊர் சுற்றும். பள்ளிக்கூடத்தில் வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். நம்மூரில் ஒரு பள்ளி அப்படிச் செய்தால் மறுநாள் காலை வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். நானும் அதில் நின்றிருப்பேன், என் பிள்ளை சின்னவளாக இருந்த காலத்தில்.

ஓட்டலில் டிப்ஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கொடுக்க வேண்டாம். மேசையில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

வெந்நீர் ஊற்றுக் குளியலில் ஒட்டுத் துணியில்லாமல் இறங்க வேண்டும் என்கிறார்களே, நீங்கள் போனீர்களா? (வெட்கத்தோடு கேட்கும் ஒரு வாசகி)

போனேன். ஹக்கோனே மலையில். அந்தக் குளியலை ஒன்சென் என்பார்கள். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. ஆனால் உள்ளே போனால் துணி கிடையாது, நீச்சலுடையும் கூடாது. குற்றாலத்தில் புடவையோடு அருவிக்கடியில் நின்று வளர்ந்தவள் நான். நுழைவுத் திரைக்கு வெளியே நின்று, தலைவலிக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே போனதும் முதல் வேலை தொட்டியில் இறங்குவது இல்லை. சுவரோரம் வரிசையாகக் குட்டி முக்காலிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைக்குழாய், ஒரு கண்ணாடி, சோப்பு. அங்கே உட்கார்ந்து தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்து, நுரை போக அலசிய பிறகுதான் தொட்டி. எல்லோரும் இறங்கும் தண்ணீர் அது, அழுக்கோடு போகக் கூடாது. கையில் தந்திருக்கும் சின்னத் துண்டும் தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் நாற்பது டிகிரிக்கு மேல். முதலில் கால் விரல் 'ஐயோ' என்றது, அப்புறம் முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

என் பக்கத்தில் எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி. அறுவைசிகிச்சைத் தழும்பு, தொங்கிய வயிறு, வளைந்த முதுகு, எதையும் அவர் மறைக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. யாருமே யாரையும் பார்ப்பதில்லை. நான் மட்டும்தான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் உடம்பைப் பற்றி நான் இத்தனை வருஷம் பட்ட கவலை அந்தப் பாட்டிக்கு எந்த மொழியில் சொன்னாலும் புரிந்திருக்காது.

தயக்கம் இருந்தால், குடும்பத்துக்கு மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் தனிக் குளியலறைகளும் பல விடுதிகளில் உண்டு. பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். அங்கே அது ரௌடிக் கும்பல்களின் அடையாளம். கை நிறையக் கோலம் பச்சை குத்திய என் ஆச்சி வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்! குளித்தபின் கட்டும் யுகாத்தா உடையில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கறித்துண்டு கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். அங்கே சாறிலேயே மீன் இருக்கிறது. உலர்த்திச் சீவிய மீனையும் கடற்பாசியையும் கொதிக்க வைத்து எடுக்கும் 'தாஷி'தான் பாதிச் சமையலுக்கு அடிப்படை. காய்கறி நூடுல்ஸ் என்று வாங்கினாலும் அது இருக்கும். புத்த மடாலயங்களில் 'ஷோஜின் ரியோரி' என்று சுத்த சைவச் சமையல் உண்டு. வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. பார்க்க அழகாக இருக்கும். பசி அடங்குமா என்றால், நான் அறைக்கு வந்து புளிசாதப் பொடியைத் தேடினேன்.

தொலைத்த பொருள் அங்கே திரும்பக் கிடைத்துவிடுமாமே? அவ்வளவு நல்லவர்களா?

நல்லவர்களும் இருக்கிறார்கள், சட்டமும் இருக்கிறது. தெருமுனைகளில் 'கோபான்' என்ற சின்னக் காவல் சாவடிகள். கண்டெடுத்ததை அங்கே ஒப்படைத்தால், பொருளுக்குரியவரிடம் அதன் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கலாம். மூன்று மாதம் யாரும் வரவில்லை என்றால், கைபேசி, அடையாள அட்டை போன்றவை தவிர்த்து, பெரும்பாலும் எடுத்தவருக்கே சொந்தம். நேர்மைக்கு இப்படி ஒரு வழி செய்து வைத்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது. சாவடி நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, போனால் யாரும் நம்மையே திருடன் மாதிரி விசாரிப்பதில்லை.

அப்படியானால் பெண்களுக்குப் பயமே இல்லாத நாடு, இல்லையா?

இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து வந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே ஊரில் காலை நெரிசல் நேரத்தில் பெண்களுக்கென்று தனி ரயில் பெட்டி ஓடுகிறது. கூட்டத்தில் உரசுகிறவர்கள் தொல்லை தாங்காமல் கொண்டுவந்தது அது. அங்கே விற்கும் கைபேசிகளில் படமெடுக்கும் சத்தத்தைப் பொதுவாக அணைக்க முடியாது. காரணம், திருட்டுத்தனமாகப் பெண்களைப் படமெடுப்பவர்கள். சுற்றுலா விளம்பரத்தில் இதையெல்லாம் போட மாட்டார்கள்.

நம் சாமிகள் அங்கேயும் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள், பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு. சரஸ்வதி அங்கே பென்சாய்தென். வீணைக்குப் பதில் 'பிவா' என்ற நரம்பிசைக் கருவி. குபேரர் கவசம் மாட்டி பிஷாமோன்தென் ஆகிவிட்டார். நம் பிள்ளையார் கான்கிதென். டோக்கியோ அசாகுசா பக்கம் மாட்சுச்சியாமா கோயிலில் அவருக்குக் கொழுக்கட்டை கிடையாது, முழு முள்ளங்கி படைக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கி வைத்துக் கும்பிட்டேன். படம் எடுத்து அனுப்புங்கள் என்று யாரும் எழுத வேண்டாம். ஆனைமுகத்தோடு இருவர் தழுவி நிற்கும் வடிவம் என்பதால் பெட்டிக்குள் மூடியே வைத்திருக்கிறார்கள், எனக்கும் காட்டவில்லை.