சோபாவில் பாதி நாய் இருக்கிறது!

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டுகிறேன், தினமும் சீவியும் விடுகிறேன். அப்படியும் சோபா, மெத்தை, துவைத்து மடித்த துணி என்று ஒன்றையும் விடாமல் முடி. பேசாமல் மொட்டை அடித்துவிடலாமே என்கிறார் என் கணவர். செய்யலாமா?

பதில்: மொட்டை மட்டும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். லாப்ரடாருக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே இருப்பது கொஞ்சம் விறைப்பானது, வெயிலையும் ஈரத்தையும் தோலுக்கு அண்டவிடாது. அடியில் இருப்பது பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், கொத்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் இந்த அடிமுடிதான். சிரைத்துவிட்டால் கொட்டுவது நிற்காது, நீளமாக விழுந்தது குட்டையாக விழும், அவ்வளவுதான். அந்தக் குட்டை முடி சோபா துணியில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும், எடுத்துப் பாருங்கள் அப்போது தெரியும். திரும்ப வளரும்போது திட்டுத்திட்டாக வளரவும் வாய்ப்புண்டு.

தினமும் சீவுகிறேன் என்கிறீர்கள், எதால் என்று சொல்லவில்லையே! நம் தலைக்குப் போடும் சீப்பு என்றால் அது மேல்முடியை வருடிவிட்டு வந்துவிடும், நாய்க்கும் சுகமாகத்தான் இருக்கும், அடிமுடி இருந்த இடத்திலேயே இருக்கும். சந்தேகமாக இருந்தால் தொடையின் பின்பக்க முடியை விரலால் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தோலே கண்ணில் படாமல் வெளிறிய பஞ்சு அடைத்துக்கொண்டு இருக்கிறதா, லேசாகக் கிள்ளினால் ஒரு கொத்து கையோடு வருகிறதா? அப்படியென்றால் இத்தனை நாளும் அதைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

முதலில் ரப்பர் பிரஷால் வட்ட வட்டமாகத் தேய்த்து, உதிரத் தயாராக இருக்கும் முடியைக் கிளப்பிவிடுங்கள். அப்புறம் அடிமுடிக்கென்றே விற்கும் அகலப் பல் சீப்பை, முடி படிந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம் போதும். அதிகமாகக் கொட்டும் வாரங்களில் மட்டும் தினமும். எந்தச் சீப்பாக இருந்தாலும் முதலில் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் அதே அழுத்தத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அதற்கும் எரியும். முடி கொட்டுவதைக் குறைக்கும் என்று சொல்லி விற்கும் பிளேடு வைத்த சீப்பை வைத்திருந்தால் கை அடக்கமாக இருக்கட்டும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் நல்ல மேல்முடியையும் அறுத்துவிடும்.

குளியல் விஷயத்தில்தான் நீங்கள் கொஞ்சம் ஓவர். வாரம் இரண்டு முறை ஷாம்பு போட்டால் தோலின் எண்ணெய்ப்பசை போய், வறண்டு, பொடுகு வந்து, கொட்டுவது இன்னும் கூடும். தோலில் பிரச்சினை இல்லாத நாய்க்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு குளியல் தாராளம், நடுவில் சேற்றில் புரண்டு வந்தால் அது வேறு கதை. நாம் போடும் ஷாம்பு வேண்டாம். அது நம் தோலுக்கென்று செய்தது: பிஹெச் என்ற அமில அளவில் (7 என்றால் நடுநிலை) நம் தோல் அமிலப் பக்கம், சுமார் 5.5, நாயின் தோல் 7-க்குப் பக்கத்தில் இருக்கும். குளிக்கும் முன் ஒருமுறை சீவுங்கள், நுரையோடும் ரப்பர் பிரஷ் போடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் வழவழப்பு போகும்வரை அலசுங்கள். துவட்டும்போது அடிமுடி வரை காய வேண்டும், உள்ளே ஈரம் நின்றால் தோல் புண்ணாகும்.

இவ்வளவு செய்தாலும் முடி கொட்டும்! பகல் நீளம் மாறுவதைப் பார்த்து முடி மாற்றும் உடம்பு அது, விளக்கு வெளிச்சத்திலேயே வீட்டுக்குள் இருப்பதால் பல நாய்களுக்கு அது வருஷம் முழுக்க நடக்கிறது. சோபாவில் விழ வேண்டியதை சீப்பில் பிடிக்கலாம், அது ஒன்றுதான் நம் கையில். மீதிக்கு, ரப்பர் கையுறையை லேசாக நனைத்து சோபாவை ஒரே திசையில் தடவுங்கள், சுருண்டு வந்துவிடும்.

கேள்வி: என் ஷிட்ஸு நாய்க்கு முடி கொட்டுவதே இல்லை, ஆனால் காதுக்குப் பின்னால் சடை பிடிக்கிறது. குளிப்பாட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, இறுகும். உதிரும் முடி கீழே விழாமல் மற்ற முடியிலேயே மாட்டிக்கொள்வதால்தான் சடை. உலர்ந்திருக்கும்போதே, தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். கத்தரிக்கோல் எடுக்காதீர்கள், சிக்கோடு தோலும் மேலே வந்திருப்பது தெரியாது. பிரியவில்லையா, கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்) பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு வட்ட வட்டமாக முடி கொட்டி, செதில் செதிலாக இருக்கிறது. எந்த பிரஷ் நல்லது?

பதில்: பிரஷைக் கீழே வையுங்கள், இது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். படர்தாமரையாக இருக்கலாம், சொறிப்பூச்சியாகவும் இருக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். (இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி போய், எடையும் கூடி, சோம்பிக் கிடந்தால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.) டீ ட்ரீ எண்ணெய் தடவச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், நாய்க்கு அது விஷம். படர்தாமரை மனிதர்களுக்கும் ஒட்டும் என்பதால், என்னவென்று தெரியும்வரை குழந்தைகளோடு படுக்கவிடாதீர்கள், இதுவரை அதற்குப் போட்ட பிரஷை வேறு நாய்க்கும் போடாதீர்கள்.