செராமிக்கும் ஸ்டீலும் ஒட்டுமுங்களா?

கேள்வி: நாங்க பம்ப்புல சுத்தற ஷாஃப்ட் வழியா ஒழுகாம தடுக்கற மெக்கானிக்கல் சீல் பண்ற சின்ன பட்டறைங்க. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு செராமிக்) ரிங்கை 304 ஸ்டெயின்லெஸ் ஹோல்டருக்குள்ள எபாக்ஸி போட்டு ஒட்டறோம், சூடான ஆயில் லைனுக்கு போனா விட்டுருது. நடுவுல மெட்டல் ஃபாயில் வச்சு உருக்காமயே ஒட்டற டிஃப்யூஷன் பாண்டிங்னு ஒண்ணு இருக்குதாமா. சமையல் அலுமினிய ஃபாயில் வச்சு பண்ணிப் பாக்கலாமுங்களா?
- வாசகர், கணபதி, கோவை

பதில்: அந்த ஃபாயில் வேண்டாமுங்க. அலுமினியம் நல்ல இன்டர்லேயர்தான் (நடுவுல வைக்கற அடுக்கு), 660 டிகிரில உருகும், அதுக்கு கொஞ்சம் கீழ, 600 பக்கத்துல, வேக்குவம் ஃபர்னஸ்ல நல்லா அழுத்தி வச்சா மெதுவா நசுங்கி ரெண்டு பக்கத்து மேடு பள்ளத்தையும் ரொப்பிக்கும், அதுக்கப்புறம் அணுக்கள் எல்லை தாண்டி கலந்து பிடிக்கும். ஆனா சமையல் ஃபாயில் ரொம்ப மெல்லிசு, மேல ஆக்சைடு தோல் வேற இருக்கும். ஒட்டற முகம் ரெண்டையும் லேப்பிங் பண்ணி (நைஸா தேச்சு சமமாக்கி), க்ளீன் பண்ணாம எந்த ஃபாயில் வச்சும் பிரயோஜனமில்லீங்க.

பெரும்பாலும் விடறது ஒட்டறப்ப இல்லீங்க, ஆறறப்பதான். 50 மில்லிமீட்டர் அலுமினா 900 டிகிரில இருந்து ஆறுனா சுமார் 0.35 மில்லிமீட்டர் சுருங்கும், அதே அளவு 304 ஸ்டீல் அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல சுருங்கும், அந்த இழுவைய நடுவுல இருக்கற மெட்டல் வளைஞ்சு குடுத்து வாங்கலைன்னா செராமிக்தான் விரிசல் விடும். அதனாலதான் மெத்துனு இருக்கற அலுமினியம், இல்லாட்டி அலுமினா மாதிரியே சுருங்கற நியோபியம்ங்கற மெட்டல்னு தேடறாங்க. நியோபியத்துக்கு ரொம்ப சூடு வேணும், அதுக்கும் வழி கண்டுபிடிச்சிருக்காங்க, அது மேல ரெண்டு பக்கமும் மெல்லிசா காப்பர் பூசி 1150 டிகிரி பக்கம் வச்சா, 1085லயே காப்பர் உருகி சந்து பொந்தெல்லாம் ரொப்பிருது, அருமையான யோசனைங்க அது.

ரொம்ப நேரம் வச்சா கெட்டியா ஒட்டும்னும் நினைக்காதீங்க. சிலிக்கான் நைட்ரைடுங்கற வேற செராமிக்குக்கு டைட்டானியம் வச்சீங்கன்னா நடுவுல டைட்டானியம் சிலிசைடு உண்டாகும், அது தடிக்க தடிக்க பொடுக்குனு உடையும்.

உங்க ஆயில் 200 டிகிரிக்குள்ளன்னா இவ்வளவு செலவே வேண்டாமுங்க. ஹோல்டரை 304ல இருந்து, சூட்டுல கம்மியா விரியற 430 கிரேடு ஸ்டெயின்லெஸுக்கு மாத்துங்க, அலுமினாவுக்கும் ஸ்டீலுக்கும் விரியற வித்தியாசம் பாதிக்கும் கீழ வந்துரும். அப்புறம் ஹோல்டரை சூடு பண்ணி ரிங்கை உள்ள இறக்குங்க, ஆறுனா ஸ்டீலே சுத்தி இறுக்கிக்கும், அமுக்கறத அலுமினா நல்லா தாங்கும். இறுக்கத்தை மட்டும் 200 டிகிரிலயும் மிச்சம் நிக்கற மாதிரி கணக்கு போட்டு கடைஞ்சுக்கோங்க.