ஜெயிலிலிருந்து வீடு திரும்பிய பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் வீட்டுக்காரர் எட்டு வருடம் கழித்து அடுத்த மாதம் வெளியே வருகிறார். இப்போதே என்ன செய்து வைக்கலாம்? – பாளையங்கோட்டை வாசகி

அடுத்த நேர்காணலுக்குப் போகும்போதே கேட்டு வாங்க வேண்டியவற்றை அவரிடம் சொல்லிவிடுங்கள். விடுதலைச் சான்று, சிறைக் கூலிக் கணக்கில் மீதிப் பணம், உள்ளே போகும்போது எழுதி வாங்கிய உடைமைகள், உள்ளே படித்த படிப்பு, பயிற்சிச் சான்றுகள், மருத்துவக் குறிப்பு. இதில் அதிகம் சிக்கல் தருவது பெயர். சிறைப் பதிவேட்டில் ஏறுவது கோர்ட் வாரண்டில் உள்ள பெயர். அது எஃப்.ஐ.ஆரிலிருந்து வந்திருக்கும். ஸ்டேஷனில் 'முருகன் (எ) கட்டை முருகன்' என்று எழுதியிருந்தால் அதுவே விடுதலைச் சான்றிலும் நிற்கும். பிறகு பேங்கில் 'இது வேறு ஆள்' என்பார்கள். ஆதார் நகலை இணைத்து, இரண்டும் ஒருவரே என்று சான்றில் குறிக்கும்படி சிறைக் கண்காணிப்பாளருக்கு விடுதலைக்கு முன்பே மனு கொடுக்கச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் இந்த ஒரு வரிக்காகத் திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

காசநோய், ரத்த அழுத்தம், மனநலம் என்று எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மருந்துச் சீட்டோடு சில நாள் மாத்திரையும் கையில் வேண்டும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்து உண்டு. அவருடைய நிக்ஷய் எண்ணை (காசநோய் சிகிச்சைக்கு அரசு தரும் பதிவு எண்) குறித்து வந்து உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து அங்கேயே தொடரும், சிகிச்சைக் காலத்துக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் அவர் பெயரில் வரும்.

வந்த வாரத்தில் முதலில் போக வேண்டிய இடம் பேங்க் அல்ல, ஆதார் மையம். பழைய செல் நம்பர் இப்போது வேறு யாரிடமாவது இருக்கும். ஓ.டி.பி. அங்கே போய்க்கொண்டிருந்தால் எந்த வேலையும் நடக்காது. நம்பர் மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம், அவர் நேரில் வந்து கைரேகை வைத்தால் போதும். அப்போதே கைரேகையையும் புகைப்படத்தையும் புதுப்பித்துவிடுங்கள். அடுத்தது பேங்க். இரண்டு வருடம் பணம் போட்டு எடுக்காத கணக்கு செயலற்றதாகிவிடும், பணம் அப்படியேதான் இருக்கும். பத்து வருடம் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், அப்போதும் உங்கள் பேங்க் மூலமாகவே திரும்பப் பெறலாம். கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்துக் கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. கேட்டால் ரிசர்வ் வங்கியின் 2024 விதியைச் சொல்லுங்கள். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கியிருந்தால் இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ திரும்பச் சேர்க்கலாம்.

வந்து இருபது நாளாகிறது. மகன் யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை, கதவைச் சாத்தினால் கோபப்படுகிறான். நாங்கள் என்ன தப்பு செய்கிறோம்? – சேலம் வாசகி

உங்கள் மேல் தப்பு இல்லை, அம்மா. ராத்திரி முழுக்க விளக்கு எரியும், மணி அடித்தால் எண்ணிக்கை, அனுமதி கேட்டே எதுவும் என்று வருடக்கணக்கில் இருந்தவருக்கு இருட்டும் அமைதியும்தான் புதுசு. சிறிய விளக்கு ஒன்றை எரியவிடுங்கள், அறைக் கதவைத் திறந்தே வையுங்கள். சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். முதல் மாதம் விருந்தாளிகளைக் கூப்பிட வேண்டாம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

'அதான் வந்துட்டியே, இனி நீ பார்த்துக்கோ' என்று வீட்டுக் கணக்கை முதல் வாரமே கையில் கொடுப்பதும், பத்து ரூபாய்க்குக் கூட உங்களிடம் கேட்கும்படி வைப்பதும் இரண்டுமே சண்டையில் முடியும். வாரத்துக்கு ஒரு தொகை அவர் கையில், மாதத்துக்கு ஒரு பொறுப்பு அவர் பேரில் என்று கூட்டிக்கொண்டே போங்கள். 2016க்கு முன் உள்ளே போனவர் கடையில் க்யூ.ஆர். அட்டையைப் பார்த்துத் திகைத்து நிற்பார். பணம் அனுப்புவது எப்படி என்று தம்பியோ தங்கையோ தனியாக உட்கார்ந்து காட்டட்டும், கடைக்காரர் முன்னால் வேண்டாம்.

குடி, போதை ஊசி என்று முன்பு பழக்கம் இருந்திருந்தால் மிகவும் கவனம். உள்ளே பல வருடம் நிறுத்தியதால் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதுவும் முதல் சில வாரங்களில்தான் அதிகம். 'ஒருநாள் தானே, வந்த சந்தோஷத்துக்கு' என்று கூப்பிடும் நண்பர்களிடம் இதை நேராகச் சொல்லுங்கள். தூக்கமின்மை ஒரு மாதம் தாண்டினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

வேலை விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா' என்று கேட்டிருக்கிறார்கள். மறைக்கலாமா? – ஓசூர் வாசகர்

மறைக்காதீர்கள். கேள்வியை மட்டும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கைதானீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா, தண்டனை பெற்றீர்களா மூன்றும் வேறு வேறு கேள்வி. தண்டனையை மட்டும் கேட்டால், குற்றமில்லை என்று விடுதலையான வழக்கை எழுத வேண்டிய அவசியமில்லை. அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: படிவத்தில் குறிப்பாகக் கேட்டதைத்தான் மறைத்ததாகக் கொள்ள முடியும். ஆனால் கேட்டதை மறைத்தால் அதுவே வேலையிலிருந்து நீக்கக் காரணமாகலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை உறுதி என்றாகாது, வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. தனியாரில் வேலை தேடுகிறீர்கள் என்றால், வழக்கைச் சொல்லும் அதே மூச்சில் உள்ளே கற்ற வேலையையும் சொல்லுங்கள். தையல், பேக்கரி, தறி, ஷூ தயாரிப்பு எதுவானாலும் ஒரு மாதிரிப் பொருளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

குற்றமில்லை என்று வழக்கில் விடுதலையாகியிருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்திலும் ஸ்டேஷனிலும் மனுவோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கணினிப் பதிவில் முடிவு ஏறாமல் 'நிலுவை' என்றே காட்டுவதால்தான் பலருக்குச் சரிபார்ப்பில் வேலை போகிறது. வழக்கு 18 வயதுக்கு முன் நடந்தது, சிறார் நீதி வாரியத்தில் முடிந்தது என்றால் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24 உங்களுக்குத் துணை. அதனால் தகுதியிழப்பு வராது.

சொந்தத் தொழில் என்றால், நகரத்தில் தள்ளுவண்டி, இட்லிக் கடை போடுபவர்களுக்கு பி.எம். ஸ்வநிதி கடனின் முதல் தவணை 15,000 ரூபாய் வரை. மாநகராட்சி அல்லது நகராட்சியின் வியாபாரிச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதோடு, உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, விடுதலையான கைதிகளுக்கான உதவிச் சங்கத்தின் தொழில் உதவிக்கு மனு கொடுங்கள்.

திருட்டு நடந்தால் உடனே ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். தண்டனை முடிந்து நாலு வருடம் ஆகிறது. – மதுரை வாசகர்

உங்கள் பெயரில் ஹிஸ்டரி ஷீட் (ஸ்டேஷனில் ஒருவரைக் கண்காணிக்க வைக்கும் பதிவேடு) இருக்கலாம். காவல்துறை நிலையாணை 748 படி இரண்டு வருடத்துக்கு மேல் அதை வைத்திருக்க உயர் அதிகாரியின் ஆணை வேண்டும், அதையும் வருடாவருடம் நீட்டிக்க வேண்டும். பழைய வழக்குகளின் முடிவுகளை இணைத்து, நீக்கக் கேட்டு கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவி எண் 15100, அல்லது கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு.

கூப்பிட்டால் போகாமல் தலைமறைவாவதுதான் மிக மோசமான வழி. எழுத்தில் சம்மன் கேளுங்கள், கூடவே ஒருவரைக் கூட்டிப் போங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். நன்னடத்தைப் பிணையில் கையெழுத்துக் கேட்டால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 130 படி காரணம், தொகை, காலம் எழுதிய ஆணை தர வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தண்டனைக் காலம் முடியும் முன்பே முன்விடுதலையில் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ஆணையில் உள்ள நிபந்தனைப்படி கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

அப்பா ஜெயிலில். டி.சி. இல்லை என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் இழுக்கிறார்கள். – கடலூர் வாசகி

கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5: அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். பணக் கஷ்டத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா (குழந்தைகள் நலத் திட்டம்) நிதி ஆதரவு கேளுங்கள், தேர்வானால் மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000க்குள், மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். பிள்ளையிடம் 'அப்பா துபாயில்' என்று சொல்லியிருந்தால், அப்பா வருவதற்குள் நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் வேறு யாராவது சொன்னால் பிள்ளை இரண்டு பேரையும் நம்பாது.

அக்காவைப் பிறந்த வீட்டிலும் சேர்க்கவில்லை, புருஷன் வீட்டிலும் சேர்க்கவில்லை. – திருச்சி வாசகர்

பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடுங்கள், அல்லது மாவட்ட சமூகநல அலுவலரைப் பாருங்கள். ஆதரவில்லாமல் வெளிவரும் பெண்கள் சக்தி சதன் என்ற அரசுத் திட்ட இல்லத்தில் தங்கலாம். விடுதலைச் சான்றை எடுத்துப் போகவும்.

ஓட்டுப் போடலாமா? லைசென்ஸ்? பாஸ்போர்ட்? – பலர்

சிறையில் இருக்கும்போதுதான் ஓட்டுப் போட முடியாது, வெளியே வந்த அன்றே உரிமை திரும்பிவிடும். பெயர் நீக்கப்பட்டிருந்தால் படிவம் 6 கொடுங்கள். லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில், ஒழுக்கக் கேடான குற்றத்துக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால் தீர்ப்பிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தக் கோர்ட்டின் அனுமதி ஆணையோடு விண்ணப்பியுங்கள். ஆணையில் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் பாஸ்போர்ட் ஒரு வருடத்துக்கே கிடைக்கும்.